மீன் இல்லை, மீன் அல்ல

உப்புவெளியில் நல்ல மீன் வேண்டுமென்றால் விடிந்த கையோடு போய்விட வேண்டும். போன கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. நிலாவெளி வீதியோரத்துப் பலகையில் ஈரமும் செதிலும்தான் மிச்சம். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் கணவாய். எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெண், "மல்லி, மாளு தியெனவாத?" என்று கேட்டார். மீன் இருக்கா தம்பி என்று அர்த்தம். மீன்காரத் தம்பி தலையை ஆட்டி, "மாளு நே அக்கே" என்றான். அவர் விடாமல் கூடையைக் காட்டினார். "ஏவா மாளு நெவெய் அக்கே, தெல்லோ." அரைக் கிலோ கணவாயை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

அடுத்தது நான். "மீன் இல்லையா தம்பி?"

"மீன் இல்லண்ணே."

நானும் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அது மீன் இல்லண்ணே, கணவாய்."

ஒரே வியாபாரி, ஒரே கூடை, இரண்டு மொழி. சிங்களத்தில் அவன் இரண்டு வேறு சொற்களைச் சொன்னான்: மீன் தீர்ந்துபோனதற்கு ‘நே’, கூடையில் கிடப்பது மீனினம் கிடையாது என்பதற்கு ‘நெவெய்’. தமிழில் இரண்டுக்கும் ‘இல்ல’ என்ற ஒன்றையே வைத்துச் சமாளித்தான். (‘நே’ என்று நான் எழுதுவது ஒப்புக்குத்தான். அந்த உயிரொலிக்குத் தமிழில் எழுத்துக் கிடையாது. ஏகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே வாயை அகட்டிச் சொல்ல வேண்டும்.) வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பையன், சிங்களத்துக்கு மாறியதும் தன்னுடைய ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து, எதை எங்கே வைப்பது என்று ஒரு கணமும் தடுமாறாமல் வைக்கிறான். இதை அவனிடம் சொன்னால் சிரிப்பான். நானும் சொல்லவில்லை.

தமிழுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பியம் வினையியலிலேயே அன்மையையும் இன்மையையும் வெவ்வேறு பொருளாக எண்ணி வைத்திருக்கிறது. ஒன்று இந்த இடத்தில் கிடையாது என்றால் இன்மை. இது அதுவன்று என்றால் அன்மை. பழைய தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்ததோடு, அவை ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருமாறவும் செய்தன: நான் அல்லேன், அவன் அல்லன், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. இன்றைக்கு எழுத்தில் ‘அல்ல’ ஒன்றே எல்லாருக்கும் போதுமானதாகிவிட்டது. ‘அது அல்ல’ என்று எழுதினால் பழைய தமிழாசிரியர்கள் ‘அன்று’ என்று சிவப்பு மையால் திருத்துவார்கள். அவர்களுடைய காலமும் அனேகமாக முடிந்துவிட்டது. பேச்சிலோ அந்த ஒற்றை ‘அல்ல’கூடத் தங்கவில்லை. ‘இல்லை’ வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அக்கம்பக்கத்தில் கதை வேறு. மலையாளி இன்றும் மீன் இல்ல என்றும் மீன் அல்ல என்றும் பிரித்தே பேசுகிறார். கன்னடத்திலும் இல்ல, அல்ல என்ற இரட்டை உயிரோடு இருக்கிறது. தெலுங்கில் லேது, காது. கடல் தாண்டி மலேசியாவில் மலாய்க் கடைக்காரரிடம் பேசிப் பழகிய தமிழர்களுக்கும் இது புதிதாக இருக்காது: மலாயில் வினையை மறுக்க ‘திடாக்’, பெயரை மறுக்க ‘புக்கான்’. ஆக, பல மொழிகள் கண்டுகொண்ட ஒரு வேறுபாட்டைத் தமிழ்ப் பேச்சு கைநழுவ விட்டிருக்கிறது. இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன்காரத் தம்பி சொன்ன இரண்டு ‘இல்ல’வும் எனக்குத் துல்லியமாக விளங்கியது, ‘அது’ என்ற சொல்லும் பின்னால் வந்த ‘கணவாய்’ என்ற சொல்லும் வேலையை முடித்துக் கொடுத்தன.

‘இல்லை’ பிடித்த இடம் இது ஒன்றுதானா? அதைவிடப் பெரிய இடம் ஒன்றை முன்பே பிடித்துவிட்டது. ‘வரவில்லை’, ‘செய்யவில்லை’, ‘சாப்பிடவில்லை’ என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறோமே, அதற்குள் இருப்பதும் மீன்பலகையில் கேட்ட அதே ‘இல்லை’தான். பொருள் இல்லாததைச் சொன்ன சொல், நடக்காத செயலையும் சொல்லத் தொடங்கியது. சங்ககாலத் தமிழிலேயே இதற்கு அச்சாரம் விழுந்துவிட்டது: வந்திலன், கண்டிலேன். ‘வந்து’ என்பதோடு ‘இலன்’ சேர்ந்தால் வந்திலன்.

வில்லியம் கிராஃப்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1991-இல் பல மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்து, இது ஒரு பொதுப் பாதை என்று காட்டினார். ‘கிடையாது, இருப்பில் இல்லை’ என்று பொருள்படும் சொல், முதலில் வினைக்குப் பக்கத்தில் வலுவூட்ட வந்து நிற்கும். பிறகு பழைய மறுப்பை ஓரங்கட்டிவிட்டு அதுவே மறுப்பாகும். கடைசியில் இருப்பை மறுக்க மொழி வேறு சொல் தேட வேண்டி வரும். சீன மொழியின் ‘மெய்’ அப்படிப்பட்ட ஒரு சொல்: கையில் காசு இல்லை என்பதற்கும் அது, நேற்று போகவில்லை என்பதற்கும் அது.

சிங்களத்தின் ‘நே’யும் இதே பாதையில் வந்ததுதான். அதன் எழுத்து வடிவம் ‘நெத்த’. பாலியில் ‘நத்தி’, சமஸ்கிருதத்தில் ‘நாஸ்தி’. ‘ந’ என்றால் மறுப்பு, ‘அஸ்தி’ என்றால் இருக்கிறது. கடவுள் இல்லை என்பவரை நாத்திகர் என்கிறோமே, அந்தச் சொல்லின் வேரும் இந்த நாஸ்திதான். உப்புவெளியில் மீன் தீர்ந்ததும் வருகிற ‘நே’யும் ஒரு நாத்திகமே, மீன் விஷயத்தில். இன்று அந்தச் சொல் வினையையும் மறுக்கிறது: ‘மம கியே நே’ என்றால் நான் போகவில்லை. இந்தியில் மறுப்பு வினைக்கு முன்னால் வரும். சிங்களத்தில் தமிழைப் போலவே வினைக்குப் பின்னால். நூற்றாண்டுக் கணக்கில் தமிழோடு ஒட்டி வாழ்ந்ததன் தடயமா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். வங்காளியிலும் மராத்தியிலும்கூட மறுப்பு வினைக்குப் பின்னால் வருவதால் அவசரப்பட்டு நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

‘இல்லை’ வந்து நிறைவதற்கு முன்னால் தமிழ் எப்படி மறுத்தது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. செய்கிறேன், செய்தேன், செய்வேன். மூன்று காலத்துக்கும் மூன்று இடைநிலை. மறுப்பு? செய்யேன். ‘செய்’ இருக்கிறது, ‘ஏன்’ இருக்கிறது. நடுவில் மறுப்பு என்று சுட்டிக்காட்ட ஒன்றும் கண்ணில் படவில்லை. காலம் காட்டும் எழுத்தை எடுத்துவிட்டால் மறுப்பாகிவிடுகிறது! இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கண்டு வியந்திருக்கிறார்: காலக்குறி இல்லாமையே மறுப்பின் குறி என்பது அவர் விளக்கம். காலத்தில் நிகழாத செயலுக்குக் காலக்குறி எதற்கு?

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியவர்களுக்கு வேறு விடை கைவசம் இருக்கும். அறியேன் என்பதைப் பிரித்தால் அறி, ஆ, ஏன்; ‘ஆ எதிர்மறை இடைநிலை, புணர்ந்து கெட்டது.’ எத்தனை தடவை எழுதியிருப்போம். வந்து, சேர்ந்து, மறைந்துபோன ஓர் எழுத்துக்கு மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாங்கள். அப்போது அது வாத்தியார்களின் கண்கட்டு வித்தை என்று நினைத்தேன். இப்போது இலக்கணக்காரர்கள் பக்கமே சாய்கிறேன். செய்யாது, செய்யாத, செய்யாமல் என்ற வடிவங்களில் அந்த ஆகாரம் தெளிவாகக் கேட்கிறது. உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்து இடித்தால்தான் அது மறைகிறது. ‘ஓடாக் குதிரை’யில் ஈறுகூடக் கெட்டுப்போகிறது; ஆனால் ஆகாரம் அங்கே அசையாமல் நிற்கிறது. வரலாறு எப்படியிருந்தாலும், செய்யேன் என்று கேட்டவரின் காதுக்கு எட்டியது ஒரு வெறுமைதான். அந்த அளவில் கால்டுவெல் பிழைசெய்துவிடவில்லை.

மறுக்கும்போது மொழி சிக்கனமாகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள்; மறுத்தால் எல்லாருக்கும் வரவில்லை. யார் என்ற தகவல் போயிற்று. நேற்றா இன்றா என்பதும் அரைகுறையாகப் போயிற்று. தமிழின் தனிக்குணம் அல்ல இது. பின்லாந்து அறிஞர் மத்தி மியெஸ்தாமோ நூற்றுக்கணக்கான மொழிகளை ஒப்பிட்டு, உடன்பாட்டு வாக்கியத்தில் இருக்கும் வேறுபாடுகள் பல மறுப்பு வாக்கியத்தில் உதிர்ந்துவிடுவதைக் காட்டியிருக்கிறார். காரணம் கேட்டால், மறுப்பு தன்னந்தனியாக வருவதில்லை என்பதில் போய் முடிகிறது. காலையில் உங்களைக் கண்டதும், "இன்றைக்கு நான் யானை வாங்கவில்லை" என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். யானை வாங்குவேன் என்று யாரும் எதிர்பார்க்காத இடத்தில் அந்த மறுப்பு அந்தரத்தில் தொங்குகிறது. ‘மீன் வாங்கவில்லை’ என்றால் ஒன்றும் தோன்றாது. வாங்குவேன் என்ற எதிர்பார்ப்பு வீட்டில் ஏற்கெனவே சட்டியோடு காத்திருக்கிறது. யார், எப்போது, என்ன என்பது முன்பே பேச்சில் வந்துவிட்டதால் மறுப்பு அதையெல்லாம் திரும்பச் சுமக்க வேண்டியதில்லை.

இதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் பீட்டர் வாசன் என்ற உளவியலாளர், மறுப்பு வாக்கியம் சரியா தவறா என்று தீர்மானிக்க ஆட்களுக்குக் கூடுதல் நேரம் பிடிப்பதை முதலில் கண்டார். பிறகு 1965-இல் எட்டு வட்டங்களைக் காட்டினார். ஏழு ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு நிறம். அந்த ஒற்றை வட்டத்தைப் பற்றி ‘இது அந்த நிறமில்லை’ என்று மறுப்பது ஆட்களுக்கு எளிதாக வந்தது. மற்ற ஏழில் ஒன்றைப் பற்றி அப்படி மறுக்கத்தான் இழுபட்டார்கள். விதிவிலக்கு இருக்கும் இடத்தில் மறுப்புக்கு ஒரு வேலை இருக்கிறது.

உதிர்ந்ததை மொழி அப்படியே விட்டுவிடுவதும் கிடையாது. ‘வரவில்லை’யில் காலம் மங்கிவிட்டது என்றேன். ஈழத்துப் பேச்சில் அதற்கு ஒரு மருந்து உண்டு: நித்திரை வருகுதில்லை, ஒண்டும் விளங்குதில்லை. ‘வருகுது’ என்ற நிகழ்காலத்தை முழுசாக வைத்து அதன் வாலில் ‘இல்லை’யைக் கட்டிவிடுகிறார்கள். நேற்று நித்திரை வரவில்லை, இன்று வருகுதில்லை, இரண்டும் பிரிந்துவிட்டன. தமிழ்நாட்டுக்காரர்கள் வேறு வழியில் போயிருக்கிறார்கள். திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் ‘ஸ்டார்ட் ஆகுதில்ல’ என்போம். மதுரையில் ‘பைக் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்பார்கள். மாட்டேன் என்கிறது! வண்டி தன்மை ஒருமையில் வாய் திறந்து ‘நான் மாட்டேன்’ என்று அடம்பிடிக்கிறதாம். இலக்கண நூலில் இடம் கிடைக்காத வடிவங்களில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்த ‘மாட்டேன்’ தனியாக ஒரு கதை. ‘மாட்டு’ என்பது ஒருகாலத்தில் ‘இயலும்’ என்ற பொருளுள்ள வினை. உடன்பாட்டில் அது செத்துவிட்டது. மறுப்பில் மட்டும் பிழைத்திருக்கிறது. மாட்டேன், மாட்டாய், மாட்டான் என்று அது ஆளுக்கேற்ப மாற, அசல் வினை ‘வர’ என்று அசையாமல் நிற்கும். பின்னிய மொழியில் மறுப்பே ஒரு வினை: என், எத், எய் என்று ஆளுக்கு ஆள் மாறும், அசல் வினை மொட்டையாகப் பின்னால் வரும். ஹெல்சிங்கிக்காரர் ஒருவருக்கு ‘வரமாட்டேன்’ என்பதை விளக்க அதிக நேரம் ஆகாது.

ஆனால் பேச்சில் இந்த ‘மாட்டேன்’ மனிதர்களுக்கே உரியது. வாடைக்காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும், இந்தக் கரையில் கடல் கொந்தளித்துக் கிடக்கும். சிறு வள்ளங்கள் மணலில் ஏறிக் கவிழ்ந்து படுத்திருக்கும். அப்போது கேட்டுப் பாருங்கள். ‘அவன் கடலுக்குப் போக மாட்டான்’ என்பார்கள்; காற்றைப் பற்றி ‘இண்டைக்கு அடங்காது’ என்பார்கள். மனமுள்ளவன் மாட்டான் என்கிறான். மனமில்லாத காற்றுக்குப் பழைய ஆகார மறுப்பு. சங்ககாலம் தொட்டு வந்த அந்த வடிவம், மனிதர்கள் கைவிட்ட பின்னும் காற்றுக்கும் மழைக்கும் கடலுக்கும் பிழைத்துக் கிடக்கிறது: வராது, ஓயாது, விடாது. தெரியாது, பிடிக்காது, போதாது என்பவையும் அந்த இனமே. நமக்குத் தெரியாததும் பிடிக்காததும் நம் விருப்பத்தில் நடப்பவை அல்ல என்று இலக்கணம் நினைக்கிறது போலும்.

ஐரோப்பியர் இதே வேலைக்கு வேறு சரக்கைத் தேடினார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பர்சன் 1917-இல் எழுதிய எதிர்மறை பற்றிய நூல் இன்றும் மேற்கோளாகிறது. பழைய பிரெஞ்சில் மறுப்புக்கு ‘ந’ என்ற மெல்லிய ஒலி ஒன்றே போதும். அது காதில் விழாமல் போகப் போக, வலுவூட்ட ஒரு சின்னப் பொருளைச் சேர்த்தார்கள்: நடக்கவில்லை என்பதற்கு ‘ஓர் அடி’யும், பார்க்கவில்லை என்பதற்கு ஒரு புள்ளியும் துளியும், தின்னவில்லை என்பதற்கு ரொட்டித் துணுக்கும். இவற்றில் அடி என்ற ‘பா’ வென்றது. இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் அந்த ‘ந’ பெரும்பாலும் கழன்றுவிட்டது. காலடி மட்டும் நின்று மறுக்கிறது. ஆங்கில ‘நாட்’டும் ‘ஒரு பொருளும் இல்லை’ என்ற தொடர் தேய்ந்து சுருங்கிய மிச்சம்தான்.

நமக்கும் சின்னப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. துளியும் கிடையாது, ஒரு பொட்டும் தெரியாது, சல்லிக்காசு இல்லை, மருந்துக்கும் இல்லை. மருந்து அளவுக்குக்கூட இல்லை என்பதில் வைத்தியர் வீட்டுச் சங்கடம் முழுவதும் இருக்கிறது. ஆனால் தமிழில் அந்தத் துளியோ சல்லியோ மறுப்பாக மாறிவிடவில்லை. உம்மையைப் போட்டுக்கொண்டு ‘இல்லை’க்காகக் காத்திருக்கிறது. வினை கடைசியில் வரும் மொழியில் மறுப்பின் நாற்காலி கடைசியில் கிடக்கிறது; நடுவில் நிற்பவருக்கு அது கிடைக்காது. இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது; நிறுவிக் காட்டச் சொன்னால் நேரம் கேட்பேன்.

இரண்டு மறுப்பு சேர்ந்தால் ஒன்றையொன்று வெட்டுமா என்பது பழைய சண்டை. ரஷ்ய மொழியில் ‘ஒருவருமில்லை வரவில்லை’ என்கிற பாணியில் இரட்டித்தால் மறுப்பு உறுதிப்படும். தமிழில் வெட்டும். ‘ஆசை இல்லாமல் இல்லை’ என்றால் ஆசை இருக்கிறது, கொஞ்சம் தயக்கத்தோடு. கணக்குப் படிக்காதவரும் இந்தக் கணக்கைத் தவறாமல் போடுவார். இன்றியமையாதது என்ற சொல்லைப் பாருங்கள். இன்றி ஒரு மறுப்பு, அமையாதது இன்னொரு மறுப்பு. இது இல்லாமல் காரியம் ஆகாது என்று இரண்டு ‘இல்லை’யை அடுக்கித்தான் தேவையைச் சொல்கிறோம். அல்லது என்ற சொல்லும் ஒரு காலத்தில் ‘அது அல்லாதது’தான்.

மறுப்பில் இன்னொரு வகை, தடுப்பது. சிங்களத்தில் ‘எப்பா’ என்ற ஒரு சொல் ‘போகாதே’க்கும் பயன்படும், ‘எனக்கு வேண்டாம்’ என்பதற்கும் பயன்படும். நம் ‘வேண்டாம்’ அப்படியே அதன் இரட்டை. அமெரிக்காவில் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த லோயிஸ் புளூம், ஒரே ‘நோ’வுக்குள் மூன்று காரியம் இருப்பதை 1970-இல் எடுத்துக்காட்டினார்: பொருள் காணவில்லை, எனக்கு வேண்டாம், நீ சொல்வது சரியில்லை. ஆங்கிலக் குழந்தை அந்த மூன்றையும் ஒரு சொல்லுக்குள் திணித்து, தாயை ஊகிக்க வைக்கிறது. சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளுகிற தமிழ்ப் பிள்ளை ‘வேணாம்’ என்கிறது, கிண்ணம் காலியானதைக் காட்ட ‘இல்ல’ என்கிறது. உப்புவெளிப் பிள்ளைக்கு ‘எப்பா’வும் ‘நே’யும் தெருவிலேயே கிடைத்துவிடும். மறுப்பு இல்லாத மனித மொழி எங்கும் கிடையாது, விலங்குகளின் தொடர்பு முறை எதிலும் மனிதர்களுடையது போன்ற மறுப்பு கிடையாது என்று லாரன்ஸ் ஹார்ன் 1989-இல் எழுதினார். நாய் கிண்ணத்தைத் தள்ளிவிடும், உண்மைதான். ‘இது மீன் அல்ல’ என்று அதால் சொல்ல ஏலாது.

கணவாயை நிறுத்துக் கொண்டிருக்கும்போது வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் கடற்கரைப் பக்கமிருந்து செருப்பில் மணலோடு வந்தான். வைகாசி தொடங்கிக் கடல் அடங்கிவிட்டால் இவர்கள் வரத்து அதிகம். வெறும் பலகையைப் பார்த்து, "நோ ஃபிஷ்?" என்று கேட்டான்.

"யெஸ்," என்றான் தம்பி, சந்தோஷமாக.

தமிழில் யோசித்தால் அந்தப் பதிலில் ஒரு குறையும் கிடையாது. ‘மீன் இல்லையா?’ என்று கேட்டால் ‘ஓம், இல்லை’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதற்கு ஓம். ஜப்பானியரும் கொரியரும் சீனரும் இப்படியே பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் மீன் இருந்தால் யெஸ், இல்லாவிட்டால் நோ. மறுத்துக் கேட்டவரை மறுப்பதற்கென்றே ஜெர்மானியரிடம் ‘டொக்’ என்றும் பிரெஞ்சுக்காரரிடம் ‘ஸி’ என்றும் தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் அதுவும் கிடையாது. வெள்ளைக்காரனுடைய முகம் மலர்ந்தது. தோள்பையைக் கீழே வைத்தான். மீனை உள்ளிருந்து எடுத்துவரப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். தம்பியோ விஷயம் முடிந்தது என்று தராசைத் துடைக்கத் தொடங்கினான்.

"தம்பி, அவர் இன்னும் நிக்கிறார்," என்றேன்.

"இல்லையெண்டு சொல்லிட்டனே அண்ணே!"